சுருக்கம் எந்த அடுக்கில்? இளமைத் தோற்றச் சிகிச்சைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

தோல் கிளினிக்குகளின் வாசல் பலகையில் இப்போதெல்லாம் போடாக்ஸ், ஃபில்லர், ஹைஃபு, த்ரெட் லிஃப்ட், பி.ஆர்.பி, ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வாக்குறுதி: இளமையான முகம். இதைப் படிப்பவருக்கு, எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, விலையில்தான் வித்தியாசம் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. இவை ஒவ்வொன்றும் முகத்தின் வெவ்வேறு ஆழத்தில் வேலை செய்பவை. தோலில் இருக்கும் கோளாறைத் தசைக்குப் போடும் ஊசி தீர்க்காது. கொழுப்பு குறைந்ததால் விழுந்த பள்ளத்தை லேசர் நிரப்பாது. பணத்தைக் கொட்டிவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று கண்ணாடி முன் நிற்க வேண்டி வருவதற்கு, சிகிச்சை மட்டமாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் தப்பான அடுக்கில் செய்தது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆகவே சிகிச்சைகளுக்குள் போவதற்கு முன்னால், முகத்தில் எது எங்கே வயதாகிறது என்று பார்த்துவிடலாம்.

தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது

மேலே தோல். அதற்கு அடியில் கொழுப்பு. அதற்கும் அடியில் ஸ்மாஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் மெல்லிய, உறுதியான சவ்வு. சிரிக்கவும் முறைக்கவும் உதவும் தசைகளோடு பின்னிக் கிடப்பது. இன்னும் ஆழத்தில் மறுபடி கொழுப்பு, கடைசியில் எலும்பு. வயது ஏற ஏற இவை அத்தனையும் மாறுகின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரதங்கள் குறைந்து அது மெலிகிறது. தசைகள் பல்லாயிரம் முறை மடித்த இடத்தில் கோடு நிலைத்துவிடுகிறது. எலும்புகூட அப்படியே இருப்பதில்லை: கண்குழி அகலமாகிறது, மேல்தாடை உள்வாங்குகிறது.

முகம் தொங்குவதற்குக் காரணம் புவியீர்ப்பு, எல்லாம் கீழே சரிகிறது என்றுதான் நீண்ட காலம் நம்பிவந்தார்கள். கலிஃபோர்னியாவின் பிளாஸ்டிக் சர்ஜன் வால் லாம்ப்ரோஸ் அதைச் சோதிக்க ஓர் எளிய வழியைப் பிடித்தார். ஒரே ஆளின் இளவயதுப் படத்தையும், பல ஆண்டுகள் கழித்து அதே கோணத்தில் எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கன்னம் சரிந்திருந்தால் அதில் இருந்த மச்சமும் கீழே இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலான மச்சங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2007-ல் இதை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் ரோரிக், பெஸ்ஸா என்ற இருவர், இறந்த உடல்களின் கன்னத்தில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, முகக் கொழுப்பு ஒரே விரிப்பாகப் பரவியிருக்கவில்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஒவ்வோர் அறையும் தனக்கென்று ஒரு வேகத்தில் மாறுகிறது.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அமுங்கிப்போனால் உறை தொளதொளக்கும். உறையைத் துவைத்து இஸ்திரி போட்டாலும், மூலையைப் பிடித்து இறுக்கித் தைத்தாலும், உள்ளே பஞ்சு குறைந்தது குறைந்ததுதான். முகத்தில் நாம் தொய்வு என்று பார்ப்பதில் கணிசமான பங்கு இந்த வகை.

இதற்கு வேறொரு பக்கத்திலிருந்தும் சாட்சி உண்டு. எச்.ஐ.வி-க்கான தொடக்க கால மருந்துகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கன்னக் கொழுப்பு கரைந்துபோனது. தோலில் பெரிய மாற்றமில்லை, வயதும் அதிகமில்லை, ஆனாலும் முகம் முதியவர் முகமாகத் தெரிந்தது. அவர்களுக்காகத்தான் 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, ஸ்கல்ப்ட்ரா என்ற நிரப்பு ஊசிக்கு அனுமதி கொடுத்தது. அழகுக்கான பயன்பாட்டுக்கு அனுமதி வந்தது 2009-ல்தான். இன்று செமக்ளூடைட் போன்ற ஊசிகளால் வேகமாக எடை குறைப்பவர்கள் "முகம் வாடிப்போச்சு" என்று சொல்வதும் இதே கதைதான்.

தோல்: வெயிலின் கணக்கு

தோலின் முதுமையில் வயதின் பங்கைவிட வெயிலின் பங்கு பெரியது. 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, வரிவரியாகத் தொங்குகிறது. வலது கன்னம் பத்துப் பதினைந்து வயது இளையவருடையது போல இருக்கிறது. கண்ணாடி ஜன்னல் புற ஊதாக் கதிர்களில் யு.வி.பி-யைத் தடுத்துவிடும், யு.வி.ஏ-வைப் பெரிய அளவில் உள்ளே விட்டுவிடும். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் இங்கே கணக்கு வலது கன்னத்தில் எழுதப்படும்.

சன்ஸ்கிரீன் இதைத் தடுக்குமா என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குட்பட்ட 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நாலரை ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் பூசச் சொன்ன குழுவில் தோல் முதுமை, இஷ்டப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும் சன்ஸ்கிரீனை "சிகிச்சை" என்று யாரும் மதிப்பதில்லை; விலை குறைவு என்பதால் இருக்கலாம்.

அடுத்தது ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் முதலில் முகப்பருவுக்கு வந்த மருந்து. பருவுக்காகப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் முகம் வழவழப்பானதாகச் சொன்னதை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் காதில் வாங்கிக்கொண்டார். 1995-ல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அது அனுமதி பெற்றது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரங்கள் தோல் சிவந்து உரியும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கூடாது. மருந்துக்கடையில் "முகத்துக்கு நல்ல க்ரீம்" என்று கேட்டால் கிடைக்கும் சில ட்யூப்களில் ட்ரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும், மாதங்கள் போனால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, க்ரீமை நிறுத்தினாலே எரியும். தோல் மருத்துவர்கள் இங்கே அன்றாடம் பார்க்கும் சேதம் இது. 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. கடைகளில் கேட்டால் கிடைப்பது நின்றதா என்றால், இல்லை.

கெமிக்கல் பீல் என்பது அமிலம் பூசித் தோலின் மேல்பகுதியை அளவோடு உரிப்பது. கிளைக்காலிக் அமிலம் மேலோட்டமாக உரிக்கும். டி.சி.ஏ நடுத்தரம். ஃபீனால் மிக ஆழம். ஆழமான சுருக்கங்களையே அழிக்கும், ஆனால் அது ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் மானிட்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும். லேசரும் அடிப்படையில் இதே வேலைதான், அமிலத்துக்குப் பதில் ஒளி. பழைய கார்பன் டை ஆக்சைடு லேசர் முகத்தோலின் மேல் அடுக்கை முழுவதுமாக எடுத்துவிடும். ஆறுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். 2004-ல் மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழு அறிமுகப்படுத்திய ஃப்ராக்ஷனல் முறை இதை மாற்றியது. நுண்ணிய புள்ளிகளாக மட்டும் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைத்தால் அந்த நல்ல தோலிலிருந்து காயம் சீக்கிரம் ஆறும். இன்று கிளினிக்குகளில் இருப்பவற்றில் பெரும்பாலும் இதுதான்.

இனி நமக்கு முக்கியமான விஷயம். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் வெள்ளைத் தோலுக்காக உருவாக்கியது, பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் ஒட்டப்பட்டன. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. மெலனின் வெயிலைத் தடுப்பதால் மெல்லிய சுருக்கங்கள் நமக்குத் தாமதமாகத்தான் வரும். நம் முகத்தில் வயதை முதலில் காட்டுவது மங்கு, கருவளையம், சீரற்ற நிறம். ஆனால் லேசர் ஒளியை உறிஞ்சுவதும் அதே மெலனின்தான். அளவு மிஞ்சினால் தோல் சுடும், சுட்ட இடம் கறுக்கும், அந்தக் கறுப்பு மறைய மாதங்களாகும். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்.டி.யாக் லேசர் மெலனினில் குறைவாகச் சிக்கி ஆழமாகப் போவதால் நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஐரோப்பியத் தோலில் எடுத்த 'முன், பின்' படங்களைக் காட்டி லேசருக்கு அழைக்கும் கிளினிக்கிடம், நம் நிறத்தில் இருப்பவர்களுக்குச் செய்த படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சிலோ தோளிலோ தழும்பு தடித்து வளரும் உடம்பு உங்களுக்கு என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தசை: விஷம் மருந்தான கதை

போடாக்ஸ் என்பது ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். உள்ளே இருப்பது பாட்டுலினம் டாக்சின். மனிதர் அறிந்த விஷங்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. 1810-20களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில், கெட்டுப்போன புகையூட்டிய சாசேஜ் சாப்பிட்டவர்கள் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று செத்தார்கள். அதை ஆராய்ந்து விரிவாக எழுதியவர் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கவிஞரும்கூட. கெட்ட சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தானே உட்கொண்டு பார்த்த மனிதர். நரம்பை அடக்கும் இந்தப் பொருள், மிகச் சிறிய அளவில் மருந்தாகலாம் என்றும் அவரே சொல்லிவைத்தார். 1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டுச் சாய்ந்தபோதுதான், அதற்குக் காரணமான பாக்டீரியாவை எமில் வான் எர்மெங்கம் கண்டுபிடித்தார்.

மருந்தானது கண் மருத்துவத்தில். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட், மாறுகண்ணுக்குக் கத்தி வைக்காமல் இந்த விஷத்தைத் துளியளவு கண் தசையில் செலுத்திச் சரிசெய்யப் பார்த்தார். 1989-ல் அனுமதி கிடைத்தது. அதற்குள் கனடாவின் வான்கூவரில் ஜீன் காருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம், இமை தானாக இறுக்கி மூடிக்கொள்ளும் கோளாறுக்கு இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், புருவ மத்திக் கோடு மறைவதைக் கவனித்து, அங்கேயும் போடச் சொல்லிக் கேட்டார். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். அப்புறம் என்ன, இருவரும் சேர்ந்து 1992-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 2002-ல் எஃப்.டி.ஏ புருவ மத்திக் கோட்டுக்கு அனுமதித்தது. கண்ணோரச் சுருக்கம், நெற்றி, கழுத்து நரம்புபோல் தெரியும் பட்டைகள் என்று மற்ற இடங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன.

இது செய்வது ஒன்றே ஒன்றுதான். நரம்பு தசையிடம் "சுருங்கு" என்று சொல்வதற்கு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியிடுகிறது. டாக்சின் அந்த வெளியீட்டுக்குத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. தசை ஓய்ந்துவிடும், மேலே உள்ள தோல் மடியாது. மூன்று நான்கு நாளில் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழு பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எனவே முறைக்கும்போதும் சிரிக்கும்போதும் வரும் கோடுகளுக்குத்தான் இது. முகம் அசையாமல் இருக்கும்போதும் தெரியும் ஆழக் கோடு ஓரளவு மெலியும், முழுதாகப் போகாது. தொங்கும் கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்துக்கும் இதனால் ஒன்றும் ஆகாது.

அளவு யூனிட்டில் சொல்லப்படும். புருவ மத்திக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றில்லை, ஆகவே "எத்தனை யூனிட், எந்த பிராண்ட்" என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் இமை தொங்கும். சில வாரங்களில் தானே சரியாகும், ஆனால் அதுவரை ஆபீஸ் போக வேண்டுமே. மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் போலி போடாக்ஸ் போட்டுக்கொண்ட பலர் பல மாநிலங்களில் பாதிக்கப்பட்டு, சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாட்டிலைக் கண்முன் திறக்கச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

கொழுப்பு: நிரப்புவதில் உள்ள ஆபத்து

குறைந்த பஞ்சை நிரப்பும் ஆசை புதிதில்லை. 1899-ல் வியன்னாவின் கெர்சுனி என்ற மருத்துவர் பாரஃபின் வகைப் பொருளை உருக்கி ஊசியில் செலுத்தும் முறையைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் அதற்கு வரிசையில் நின்றார்கள். பேரழகி என்று பெயரெடுத்த கிளாடிஸ் டீக்கன், மூக்கின் வளைவைச் சரிசெய்ய இருபதுகளின் தொடக்கத்திலேயே மெழுகு போட்டுக்கொண்டார். மெழுகு நாளடைவில் இறங்கித் தாடைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு திரவ சிலிக்கோன் வந்தது, அதுவும் கட்டிகளில் முடிந்தது. 1981-ல் மாட்டுக் கொலாஜன் ஊசி. ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கையில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்றைய ஃபில்லர்களில், அதாவது நிரப்பு ஊசிகளில், பெரும்பாலானவை ஹையலூரானிக் அமிலம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும், நீரைப் பிடித்துவைக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஆய்வகத்தில் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்து, சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். அமெரிக்காவில் 2003 டிசம்பரில் முதலாவதுக்கு அனுமதி கிடைத்தது. இதன் பெரிய வசதி, பிடிக்காவிட்டால் ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டுக் கரைத்துவிடலாம். கன்னம், உதடு, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு, கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். ஒரு சிரிஞ்ச் பெரும்பாலும் 1 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. விலை சிரிஞ்ச் கணக்கில். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை நிற்கும் என்பார்கள், எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தபோது சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் மிச்சம் தெரிந்திருக்கிறது. கரைந்துவிட்டது என்று நினைத்து ஆண்டுதோறும் மேலும் மேலும் போட்டுக்கொண்டே போனால் முகம் உப்பி, கண் சிறுத்து, யாரோ போல ஆகிவிடுவது இதனால்தான். என் பார்வையில் இன்றைய இளமைச் சிகிச்சைகளில் மிக அதிகமாக அளவு மீறிச் செய்யப்படுவது ஃபில்லர்தான்.

ஆபத்து வேறு. ஊசிமுனை தவறி ரத்தக் குழாய்க்குள் ஜெல் போய்விட்டால், அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் தோல் செத்துப்போகலாம். மூக்கையும் புருவ மத்தியையும் சுற்றியுள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை போகும், பெரும்பாலும் திரும்பாது. அரிதுதான், ஆனால் உலகின் பல நாடுகளில் நடந்து பதிவாகியிருக்கிறது. ஊசி போட்ட இடம் சட்டென்று வெளிறுவது, வலைபோல ஊதா நிறம் பரவுவது, தாங்க முடியாத வலி, பார்வை மங்குவது: இதில் எது தெரிந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. அங்கேயே, அப்போதே ஹையலூரானிடேஸ் போட வேண்டும். எனவே ஃபில்லர் போட்டுக்கொள்ளும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல, "கரைக்கும் மருந்து இப்போது இங்கே கையில் இருக்கிறதா?" என்பதுதான். கேள்வி புரியாமல் முழித்தால் எழுந்து வந்துவிடலாம்.

சொந்தக் கொழுப்பையே வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சி எடுத்து முகத்தில் வைக்கும் முறையும் உண்டு. 1893-ல் ஜெர்மனியின் நாய்பர் தொடங்கிவைத்தது. ஒவ்வாமை இல்லை. வைத்ததில் ஒரு பகுதி கரைந்துவிடும், எவ்வளவு நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நின்றதோ, நீங்கள் பருமனானால் தானும் பருமனாகும்.

நடுவில் நிற்கும் சில

ரேடியோ ஃப்ரீக்வன்சி, அல்ட்ராசவுண்டால் சூடேற்றும் ஹைஃபு ஆகியவை தோலைச் சேதப்படுத்தாமல் அடியில் சூடு உண்டாக்கி, கொலாஜனைச் சுருங்கவும் புதிதாக உருவாகவும் வைக்கின்றன. லேசான தொய்வுள்ள நாற்பதுகளின் முகத்துக்கு லேசான பலன் தெரியும். அறுபத்தைந்து வயதில் தொங்கும் கழுத்துக்கு இதை விற்பவர் மருத்துவம் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒட்டிய கன்னம் உள்ளவருக்கு ஆழச் சூடு இருக்கும் கொழுப்பையும் கரைத்து இன்னும் வயதைக் கூட்டலாம். த்ரெட் லிஃப்ட் என்பது முள் வைத்த, கரையும் நூலைத் தோலடியில் கோத்து இழுப்பது. நூல் கரைந்ததும் இழுப்பும் சில மாதங்களில் தளரும்.

பி.ஆர்.பி, அதாவது நம் ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்கள் நிறைந்த பகுதியை எடுத்து முகத்தில் செலுத்துவது, சுருக்கத்துக்கு எவ்வளவு உதவும் என்பதில் ஆதாரம் வலுவாக இல்லை. அதைவிட முக்கியம் சுத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இந்த ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி தொற்றியது, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் இதை விவரமாக வெளியிட்டது. ரத்தம் சம்பந்தப்பட்ட எதையும் பியூட்டி பார்லரில் செய்துகொள்ள வேண்டாம்.

கத்தி வைக்கும் இடம்

தோல் மிஞ்சிப்போய், அடியில் உள்ள சவ்வே தளர்ந்த பிறகு அறுவை சிகிச்சைதான் வழி. இதில் எளியது இமை அறுவை. மேல் இமையில் மிஞ்சிய தோலை எடுப்பார்கள்; தையல் இமை மடிப்பில் மறைந்துவிடும். சிலருக்கு அந்தத் தோல் பார்வையையே மறைத்துக்கொண்டிருக்கும், அப்போது இது அழகு விஷயம் மட்டும் இல்லை. கீழ் இமையில் கொழுப்புப் பை. முன்பு அதை வெட்டி எறிந்தார்கள். சில ஆண்டுகளில் கண் குழி விழுந்து இன்னும் முதிர்ந்து தெரிந்தது. இப்போது பலர் அந்தக் கொழுப்பை எடுக்காமல் கீழேயுள்ள பள்ளத்துக்குள் நகர்த்தி வைக்கிறார்கள். உலகளவில் அழகு அறுவைகளைக் கணக்கெடுக்கும் சர்வதேசச் சங்கத்தின் 2024 கணக்கில் லைப்போசக்ஷனைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது இமை அறுவைதான்.

ஃபேஸ்லிஃப்ட்டின் வரலாறே அடுக்கைத் தேடிப்போன வரலாறுதான். 1901-ல் பெர்லினில் ஓய்கன் ஹோலென்டர், ஒரு போலந்துப் பிரபுக் குடும்பப் பெண் கேட்டுக்கொண்டபடி காதோரத்தில் தோலைக் கொஞ்சம் வெட்டி இழுத்துத் தைத்தார். பாரிஸில் சூசன் நோயல், முதல் உலகப் போரில் சிதைந்த படைவீரர்களின் முகங்களைச் சீரமைத்துப் பழகியவர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் சிறு சிறு வெட்டுகளாக இதைச் செய்தார். வேலைக்குப் போகும் பெண்கள் வயதாகத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணம் இன்னும் பழசாகவில்லை.

தோலை மட்டும் இழுத்ததில் சிக்கல் என்னவென்றால், தோல் மறுபடி நீளும். நீளாமலிருக்க இன்னும் இறுக்கினால் புயல்காற்றில் நிற்பவர் போன்ற முகம் வரும், தழும்பு அகலமாகும். 1974-ல் சுவீடனின் டோர்ட் ஸ்கூக் தோலோடு அடியிலுள்ள சவ்வையும் சேர்த்துத் தூக்கினார். 1976-ல் பாரிஸில் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்தச் சவ்வை விவரித்து ஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். பாரத்தை அந்தச் சவ்வு தாங்கினால் தோலை இழுக்கவே வேண்டாம், சும்மா மேலே விரித்துத் தைத்தால் போதும். 1990-ல் டல்லாஸின் சாம் ஹாம்ரா அதற்கும் கீழே போய், சவ்வை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்களை விடுவித்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும் 'டீப் பிளேன்' முறையை எழுதினார். இப்போது நடிகர்கள் பெயரோடு அடிபடும் சொல் அதுதான்.

ஆழம் போகப்போக முக நரம்பின் கிளைகள் நெருங்கும். தற்காலிகமாக வாய்க்கோணலோ புருவம் தூக்க முடியாமையோ வரலாம், நிரந்தரமாவது அரிது. அதிகம் வருவது தோலடியில் ரத்தம் கட்டுவது. ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதல். புகைப்பவர்களுக்குத் தோல் ஓரம் செத்துப்போகும் ஆபத்து பல மடங்கு என்பதால் பல சர்ஜன்கள் சில வாரங்களுக்கு முன்னால் நிறுத்தினால்தான் கத்தியையே எடுப்பார்கள். காது மடலில் மரத்த உணர்வு மாதக்கணக்கில் இருக்கும். இரண்டு வாரமாவது வீட்டில் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர் செய்தால் பத்தாண்டு அளவில் பலன் நிற்கும். ஆனால் உதட்டுக்கு மேலுள்ள மெல்லிய கோடுகளுக்கும் மங்குக்கும் இதுவும் உதவாது. அவை தோலின் பிரச்சினை, முதல் அடுக்குக்கே திரும்ப வேண்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், அழகு அறுவைகளை அதற்கான முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அறுவைக்கு எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர். ஊசி, பீல், லேசருக்கு அவரோ எம்.டி. தோல் மருத்துவரோ. 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன பட்டம் இருக்கிறது என்று கேட்டுப் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். மருத்துவக் காப்பீடு அழகுச் சிகிச்சைக்குப் பணம் தராது, ஜி.எஸ்.டி விலக்கும் கிடையாது. முழுத் தொகையும் உங்கள் பையிலிருந்து.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது "போடாக்ஸ் போடணும்" என்று போகாமல், கையில் ஒரு கண்ணாடியோடு உட்கார்ந்து எது உறுத்துகிறது என்று விரலால் காட்டுங்கள். அது எந்த அடுக்கு என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றை எடுத்துப்போனால் இன்னும் நல்லது; எது மாறியிருக்கிறது என்று இருவருமே பார்க்கலாம். நல்ல மருத்துவர் சில சமயம் "உங்களுக்கு இப்போது எதுவும் வேண்டாம், வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள்" என்று அனுப்பிவைப்பார். முதல் சந்திப்பிலேயே இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்பவரிடம் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். மகள் கல்யாணத்துக்காகச் செய்துகொள்கிறீர்கள் என்றால் போடாக்ஸுக்கு ஒரு மாதம், லேசருக்கு இரண்டு மூன்று மாதம், ஃபேஸ்லிஃப்ட்டுக்கு ஆறு மாதம் என்று முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி எதுவானாலும் பாட்டில் அல்லது சிரிஞ்ச் பெட்டியில் தொகுதி எண் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, போட்ட தேதி, இடம், அளவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் "இங்கே முன்னால் என்ன போட்டார்கள்?" என்று கேட்கும்போது அந்தச் சீட்டுதான் பதில் சொல்லும்.